உயிரோடு இருக்கும் தம்பிக்கு ஒரு கல்லறைப் பூசை

1

போன வாரம் எங்கள் ஊர் நூலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதிவிட்டுப் பார்த்தால் எனக்கே உறைக்கிறது. இதைப் படிக்கிற உங்களுக்கு எங்கள் ஊர் என்றால் மரக்காணம்தான். நான் சொன்னது பாரிசிலிருந்து முக்கால் மணி நேரம் ரயிலில் போனால் வருகிற ஒரு சின்ன ஊரை. பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்குகிற குடும்பத்தைப் புதுச்சேரியில் சொல்தா வீடு என்பார்கள். அப்படியொரு வீட்டுக்கு மருமகளாகப் போய், புருஷனோடு இங்கே வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது.

கடிதத்தில் 'மதிப்புக்குரிய எழுத்தாளர் பிலோமினா அவர்களுக்கு' என்று போட்டிருந்தது. முதலில் வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று நினைத்தேன். இந்த வருஷம், அதாவது 2006 இலையுதிர் காலத்தில் நடக்கப்போகும் எழுத்துப் பயிலரங்கில், நினைவுக் குறிப்பு எழுதுவது எப்படி என்று நான் வகுப்பெடுக்க வேண்டுமாம். நூல் வெளியிட்ட எழுத்தாளர்கள்தான் அங்கே வகுப்பெடுக்கலாம் என்பது சட்டம். நான் நூல் வெளியிட்ட எழுத்தாளராம்.

பகலெல்லாம் பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் தட்டு கழுவுகிறவள் நான். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்தாளரே, கொழம்பு அடி புடிக்குது" என்றார்.

நான் எழுத்தாளர் ஆனதற்கு ஒரே காரணம்தான் உண்டு. என் தம்பி அந்தோணியைக் கொன்றேன். பதறாதீர்கள், காகிதத்தில்தான். அவன் இன்றைக்கும் மரக்காணம் உப்பளத்தில் நன்றாகத்தான் இருக்கிறான். என்னோடுதான் பேசுவதில்லை.

2

2004 டிசம்பரில் கடல் வந்த செய்தியை இங்கே காலையில் தொலைக்காட்சியில் பார்த்தோம். எந்தக் கரையைக் காட்டினாலும் எனக்கு மரக்காணமாகவே தெரிந்தது. நாலு நாள் லைன் கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் பூத்திலிருந்து அந்தோணியே கூப்பிட்டான்.

"நான் கோயில்ல இருந்தேங்க்கா. ஞாயித்துக்கெழம இல்ல? எனக்கு ஒண்ணும் ஆவல. அஞ்சலக்காதான்..." என்றான். 

அஞ்சலை பக்கத்துக் குப்பத்தில் இருந்தவள். மீன் விற்பவள். கருவாடு போடுவதற்கு உப்பு வேண்டும் என்று எங்கள் அம்மா வேலை செய்த உப்பளத்துக்கு வருவாள். பாத்தி ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் மண் கலந்த உப்பை வாரிக்கொள்ள அம்மா விடுவாள். பதிலுக்கு அவள் நாலு சங்கரா மீனை வரப்பில் வைத்துவிட்டுப் போவாள். எனக்குப் பதினாறு வயதிலும் அந்தோணிக்கு ஒன்பது வயதிலும், அப்பாவுக்குப் பிறகு அம்மாவும் செத்துப் போனாள். அதற்கு அப்புறமும் வரப்பில் மீன் வைப்பது நிற்கவில்லை.

கடல் வந்து மூன்றாம் நாள், வேலிக்காத்தான் புதருக்குள் அவளைக் கண்டெடுத்தது அந்தோணிதான். தான் அவளுக்கு வாங்கிக் கொடுத்திருந்த புடவையை வைத்து அடையாளம் கண்டிருக்கிறான். மூடுவதற்குத் துணி இல்லாமல், உப்பு மூட்டை கட்டுகிற கோணியை விரித்து மூடியிருக்கிறான். இதையெல்லாம் அந்தப் போனில்தான் சொன்னான்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு குழாயைத் திறந்து விட்டபடியே நிற்பேன். அப்போதுதான் நூலக வாசலில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். 'எழுதுங்கள், மனம் லேசாகும். நூல் வெளியிட்ட எழுத்தாளர்கள் கற்றுத்தருகிறார்கள். இலவசம்.'

இலவசம்தான். ஆனால் மனம் லேசாவதற்கு முன்னால் இந்த ஊரில்தான் குடியிருக்கிறேன் என்று காட்ட மின்சாரக் கட்டண ரசீது வேண்டும். ரசீது என் வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. அதனால் நான் அவர் வீட்டில்தான் இருக்கிறேன் என்று அவர் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். அந்தக் கடிதத்தை எழுதியவர் அவர்தான் என்பதற்கு அவருடைய அடையாள அட்டை நகல் வேண்டும். பதினெட்டு வருஷத்தில் என்னோடு வாழ்வதாக அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தது அந்த ஒரு முறைதான். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

3

வகுப்பு சனிக்கிழமை பத்து மணிக்கு. மாதம் ஓர் எழுத்தாளர், மாதம் ஒரு வகை. எல்லோருமே நூல் வெளியிட்டவர்கள். அது நமக்கு மறந்துவிடக் கூடாது என்று, வந்ததும் முதல் வேலையாகத் தங்கள் நூல்களை மேசைமேல் வரிசையாக நிறுத்துவார்கள். பிறகுதான் கோட்டைக் கழற்றுவார்கள்.

எனக்குப் பிரெஞ்சு பேச வரும். பள்ளிக்கூடச் சமையற்கட்டுக்குப் போதுமான அளவுக்கு வரும். எழுத வராது. அதனால் நான் தமிழில் எழுதுவேன், என் மகள் எலிசா பிரெஞ்சில் மாற்றித் தருவாள். அவளுக்குப் பதினாறு வயது. தமிழ் படிக்கத் தெரியாது. நான் வாசிக்க வாசிக்க அவள் காதில் பாட்டு மாட்டிக்கொண்டே தட்டச்சு செய்வாள். உப்புப் பாத்தி என்றால் என்ன என்று கேட்டாள். தண்ணீர் கட்டி வைக்கிற இடம் என்றேன். அவள் நீச்சல் குளம் என்று போட்டுவிட்டாள். 'என் அம்மா நாற்பது நீச்சல் குளங்களைப் பார்த்துக்கொண்டார்' என்று என் முதல் கட்டுரை தொடங்கியது. வகுப்பில் இரண்டு வாரம் எனக்குத் தனி மரியாதை இருந்தது.

முதல் மாதம் கவிதை. கழுத்தில் நீளமாகத் துணி சுற்றிய அம்மாள் வந்தார். அஞ்சலையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் கொண்டு போயிருந்தேன். அவர் ஒவ்வொரு சொல்லாக அடித்துக்கொண்டே வந்து, கடைசியில் 'உப்பு' என்ற ஒரே சொல்லை விட்டுவைத்தார். "இப்போது பாருங்கள், எப்படிப் பேசுகிறது" என்றார். பார்த்தேன். மளிகைக் கடைச் சீட்டு மாதிரி இருந்தது.

அடுத்த மாதம் துப்பறியும் கதை. பதினோரு கொலை நாவல் எழுதியவர். என் பக்கத்தைப் படித்ததும், "இந்தப் பெண் இறந்ததில் யாருக்கு லாபம்?" என்று கேட்டார். யாருக்கும் இல்லை, கடல் வந்தது என்றேன். "கடல், நல்ல உத்தி. சந்தேகத்தை வேறு பக்கம் திருப்பும்" என்று குறித்துக்கொண்டார். பிறகு பலகையில் சந்தேகத்துக்கு உரியவர்கள் பட்டியல் போட்டார். முதல் பெயர் என் தம்பியுடையது. பிணத்தைக் கண்டுபிடித்தவனை முதலில் விசாரிக்க வேண்டுமாம்.

மூன்றாமவர் சிறுவர் கதை எழுதுகிறவர். நல்ல மனிதர். எல்லோருக்கும் பிஸ்கட் கொண்டு வந்தார். ஓர் உப்புக் கல் பேசட்டும், கடலைத் தேடிப் போகட்டும், வழியில் ஒரு நண்டோடு சிநேகமாகட்டும் என்றார். அஞ்சலை என்ன ஆவாள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவர் கடற்கன்னி ஆகலாமே" என்றார். நான் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆளுக்கொரு அச்சு வைத்திருந்தார்கள். அஞ்சலை எந்த அச்சிலும் அடங்காத உடம்புக்காரி. மூன்று மாதமும் அவளைக் கொண்டு போனேன், மூன்று மாதமும் அப்படியே திருப்பிக் கூட்டி வந்தேன். அதுவரைக்கும் நான் யோக்கியமாகத்தான் இருந்தேன்.

4

நாலாவதாக வந்தவர் நினைவுக் குறிப்பு எழுதுகிறவர். மூன்று நூல்கள், மூன்றும் அவருடைய விவாகரத்தைப் பற்றி. அவருடைய முன்னாள் மனைவி ஒரு நூல்கூட எழுதவில்லை என்று கேள்வி. எழுதியிருந்தால் வாங்கிப் படிப்பேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். யாராவது அழுதால் திறப்பார். நான் படித்து முடித்ததும் மூடிய கண்ணோடு, "இந்தப் பெண் உங்களுக்கு யார்?" என்று கேட்டார்.

இங்கேதான் நான் சறுக்கினேன். அஞ்சலை எனக்கு யார் என்று சொல்லப் பிரெஞ்சில் என்னிடம் வார்த்தை இல்லை. தமிழிலும் நான் அதுவரை யோசித்ததில்லை. "எங்கள் ஊரில் மீன் விற்கிறவர்" என்றேன்.

"அப்படியானால் இது உங்கள் இழப்பு அல்ல. வாசகர் உங்கள் இழப்பைக் கேட்பார். வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள்?"

"தம்பி இருக்கிறான்."

கண்ணைத் திறந்தார். "தம்பி" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அவன் இறந்ததாக எழுதச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். அவன் உயிரோடு இருக்கிறான் என்றும் சொன்னேன். நடந்த உண்மைக்குக் கீழே இன்னொரு ஆழமான உண்மை இருக்கிறது, எழுத்தாளர் அங்கே போக வேண்டும் என்றார். அந்த ஆழத்துக்கு அவர் நிறைய தடவை போய் வந்தவர் போலத் தெரிந்தது.

நூலக அதிகாரியையும் எழுத்தாளரையும் எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் சமையல் மேசையில் உட்கார்ந்து 'அஞ்சலை' என்ற பெயரை ஒவ்வோர் இடத்திலும் அடித்து 'அந்தோணி' என்று போட்டது நான்தான். கழுத்தில் கத்தி வைத்து யாரும் எழுதச் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக இந்த ஊரில் என்னை யாரும் உற்றுக் கேட்டதில்லை. ஒரு தடவையாவது கேட்கட்டும் என்று இருந்தது. வேறு காரணம் இல்லை.

கடல் வரும்போது அந்தோணி உப்பளத்தில் வெள்ளை வெளேரென்ற உப்பை வாரிக் குவித்துக்கொண்டு நிற்கிறான். குவியல் வெயிலில் மின்னுகிறது. அலை வருகிறது. மூன்றாம் நாள் உப்புக் கோணியால் மூடிக் கொண்டு வருகிறார்கள். நானே வாசித்து நானே அழுதேன்.

எலிசா தட்டச்சு செய்துகொண்டே வந்தாள். 'என் தம்பி செத்துப் போனான்' என்ற வரிக்கு வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். ஐந்து வயதில் ஒரு தடவை ஊருக்குப் போனபோது அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மரக்காணம் முழுக்கச் சுற்றியவன் அவன். அவள் விரல் நிற்கவே இல்லை. "மாமா பேர்ல எத்தனை 'N' எழுத்து வரும்?" என்று மட்டும் கேட்டாள். அது எனக்கு வலித்தது. ஆனால் வலித்ததற்குக் காரணம் நான் எழுதின வரிதான் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

வகுப்பில் வாசித்தபோது எல்லோரும் அழுதார்கள். எழுத்தாளர் எழுந்து நின்று கை தட்டினார். நூலகம் போடப்போகும் தொகுப்பில் என்னுடையதுதான் முதல் கட்டுரை என்று முடிவானது. கொஞ்ச நாளில் ஒரு படிவம் வந்தது. 'இதில் கூறப்பட்ட நிகழ்ச்சிகள் உண்மையென உறுதியளிக்கிறேன்' என்று கடைசியில் ஒரு வரி. எழுத்தாளரிடம் காட்டினேன். அது வெறும் அலுவலகச் சடங்கு என்றார். கையெழுத்துப் போட்டேன்.

5

தொகுப்பு போன வருஷம் அக்டோபரில் வந்தது. எண்பது பக்கம். அட்டையில் ஒரு மரம். மரக்காணத்தில் இல்லாத மரம்.

இந்த ஊரில் தமிழர் ஏழெட்டுக் குடும்பம் இருக்கிறோம். அதில் செலின் அம்மா மூத்தவர். புதுச்சேரிக்காரர். பிரெஞ்சில் சரளமாகப் படிப்பார். எங்கள் யாருக்காவது துக்கம் என்றால் முதலில் வந்து நிற்பவர் அவர்தான். நூலகத்தில் அந்தத் தொகுப்பைப் படித்திருக்கிறார். கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை வெளியே சொல்லாமல் தட்டு கழுவிக்கொண்டிருந்திருக்கிறாளே இந்தப் பெண் என்று மனம் உருகிவிட்டது. சொல்லாத துக்கத்தை நாமாகக் கிளறக் கூடாது என்று என்னிடம் மூச்சுவிடவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நல்ல காரியம் செய்தார்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். நம் பங்குக் கோயில்களில் அன்றைக்குக் கல்லறையிலேயே பூசை நடக்கும், குடும்பங்கள் எழுதிக் கொடுத்த இறந்தவர் பெயர்களைச் சாமியார் வாசிப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் இருப்பவர்கள் யார் மூலமாவது பெயர் கொடுத்து அனுப்புவதும் வழக்கம்தான். செலின் அம்மா புதுச்சேரியில் இருக்கும் தன் தங்கை மகன் மூலமாக மரக்காணத்துக்குப் பெயர் அனுப்பினார். அங்கே சாமியார் மாற்றலாகி வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. எந்த அந்தோணி என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மூன்றாம் தேதி அந்தோணியிடமிருந்து போன்.

"அக்கா, நான் செத்துட்டனா?"

 என்னடா உளறுகிறாய் என்றேன்.

"நேத்து அம்மா அப்பா கல்லறைல மாலை போட்டுட்டு மெழுகுவத்தி கொளுத்தினு இருக்கேன். சாமியார் பேர் படிச்சினே வர்றாரு. கடைசில, 'பிரான்ஸ் நாட்டிலிருந்து சகோதரி பிலோமினா குடும்பத்தார், கடலில் இறந்த தம்பி அந்தோணியின் ஆத்தும இளைப்பாற்றிக்காக'ன்னு படிக்கிறாரு. சுத்தி நின்னவங்க எல்லாம் என்ன பாக்குறாங்க. உபதேசியார் கண்ணாடிய கழட்டித் தொடச்சிட்டுத் திரும்பவும் பாக்குறாரு."

"நீ என்ன பண்ண?"

"என்ன பண்றது? எல்லாரும் முட்டி போட்டாங்க, நானும் போட்டேன். எனக்காக நானும் வேண்டிக்கினேன். நடுவுல எழுந்து, சாமி நான் இங்கதான் இருக்கேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

சிரித்தான். அவன் சிரித்ததால் நானும் சிரித்தேன். ஏதோ தப்பு நடந்திருக்கும், விசாரிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். பொய்மேல் பொய். விசாரிக்கப் பத்து நிமிஷம்தான் ஆனது. செலின் அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அவருடைய அழுகையை நிறுத்துவதா, என் தம்பியை உயிர்ப்பிப்பதா என்று தெரியாமல் நானும் அழுதுவைத்தேன்.

6

இந்த வருஷம் பிப்ரவரியில் தனியாக ஊருக்குப் போனேன். தொகுப்பைக் கைப்பையில் வைத்திருந்தேன். நேரில் சொல்லிவிட்டால் அவனும் சிரித்துவிடுவான், அதோடு தீர்ந்தது என்று எண்ணம்.

அந்தோணி பாத்தி மிதித்துக்கொண்டிருந்தான். மழைக்காலத்தில் சேறாகிப்போன உப்புப் பாத்தியைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்திய பிறகுதான் தண்ணீர் கட்டுவார்கள். வரப்பில் உட்கார்ந்து, பிரெஞ்சில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். என் தமிழைப் பிரெஞ்சாக்கி, அதைத் திரும்பத் தமிழாக்கி என் தம்பிக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் மிதித்துக்கொண்டே கேட்டான்.

"நிறுத்து. டிசம்பர்ல உப்பு வார்றனா நானு?"

"கதைக்காகடா..."

"அம்மாம் மழைல பாத்தி எல்லாம் ஏரி மாதிரி கெடக்கும். உப்பு எங்கேந்து வரும்? நீ இந்த வரப்புல பொறந்தவதான? இத எழுதச் சொல்லிக் குடுத்தவரு யாரு?"

"பெரிய எழுத்தாளர்டா. மூணு புக்கு போட்டிருக்கார்."

"உப்பப் பத்தியா?"

"இல்ல. பொண்டாட்டியப் பத்தி."

"அதான பாத்தேன்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. நான்கு மாதம் நான்கு எழுத்தாளர்களிடம் கற்றதைவிட அவன் நின்ற இடத்திலேயே அதிகம் கற்றுக்கொடுத்துவிட்டான் என்று மனசுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. தைரியம் வந்து, மேலே சொன்னேன். மூன்றாம் நாள், உப்புக் கோணியால் மூடி, என்ற இடம்.

மிதிப்பதை நிறுத்தினான்.

"அது அஞ்சலக்கா."

நான் தொகுப்பை மூடினேன்.

"அந்தக் கோணி நான் போட்டது. என் கையால போட்டது. அத எடுத்து என் மேல போட்டியா?"

"முதல்ல அவங்களத்தான்டா எழுதினேன். யாரோ மீன்காரிக்காக யாரு அழுவாங்கன்னு அந்த ஆளு..."

"அவரு கேட்டாரு. நீ என்னா சொன்ன?"

நான் என்ன சொன்னேன் என்பதைச் சொன்னேன். மீன் விற்கிறவர்.

கரையேறி வந்து, காலில் ஒட்டிய சேற்றை வழித்தபடி எனக்கு எதிரில் உட்கார்ந்தான். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. சாதாரணமாகத்தான் பேசினான்.

"என்ன நீ கொன்னது பரவால்ல. நான் இருக்கேன், கேட்டுக்குறேன். செத்தவங்களுக்கு பேரு ஒண்ணுதான மிச்சம்? அதையும் அடிச்சிட்ட. பூசை முடிஞ்சதும் நான் சாமியார்கிட்ட போய்ச் சொன்னேன், சாமி, அந்தோணி நான்தான், எனக்கு இன்னும் டைம் இருக்குது, இந்தப் பூசைய அஞ்சலக்கா பேர்ல வெச்சிடுங்கன்னு. நம்ம சபையான்னு கேட்டாரு. இல்ல சாமி, மாரியம்மா கும்புடுறவங்க, ஆனா சபை பாத்து மீன் குடுக்கலன்னேன். அவரு இன்னொரு மெழுகுவத்தி எடுத்து என் கையில குடுத்தாரு. புதுசா வந்த சாமியாருக்குப் புரிஞ்சிச்சு. உனக்குப் புரியல பாரு."

வரப்பில் யாரோ இரண்டு பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு எங்களைக் கடந்து போனார்கள். அவன் அவர்களுக்குத் தலையாட்டினான்.

"எனக்கு ரெண்டு அக்கா. ஒருத்தி பிளேன்ல போனா, ஒருத்தி கடல்ல போனா. பிளேன்ல போனவ வந்து, கடல்ல போனவள அடிச்சிட்டு உக்காந்திருக்கா." எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினான். "அவங்க பேர நீ எங்க அடிச்சியோ அங்க போடு. எழுத்துலதான அடிச்ச, எழுத்துல போடு. அது வரைக்கும் எனக்குப் போன் பண்ணாத. செத்தவனுக்கு யாராவது போன் பண்ணுவாங்களா?"

நான் ஊரில் இருந்த மீதி நாளெல்லாம் சோறு போட்டான், பஸ் ஏற்றிவிட்டான். பேசவில்லை. இங்கே வந்து இரண்டு முறை போன் அடித்தேன். எடுக்கவில்லை.

7

மார்ச்சில் நூலகத்துக்குப் போய், கட்டுரையில் தவறு இருக்கிறது, திருத்தம் போட வேண்டும் என்றேன். அலுவலக அம்மாள் மிகவும் அன்பாக விசாரித்தார். எழுத்துப் பிழையா என்றார். இல்லை, செத்ததாக நான் எழுதிய ஆள் சாகவில்லை என்றேன்.

அவர் ஒரு கோப்பை எடுத்தார். திருத்தம் போட வேண்டுமானால், சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு உயிர்ச் சான்று வேண்டும். புதுச்சேரியில் என் மாமனார் வருஷாவருஷம் பென்ஷனுக்காக வாங்குகிறாரே, அது. அதைப் பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர் பிரெஞ்சில் மாற்றித் தர வேண்டும். அப்படித் தந்தால், நிகழ்ச்சிகள் உண்மை என்று நான் போட்ட கையெழுத்து பொய் என்று ஆகும். அதற்கு வேறு பிரிவுக்குப் போக வேண்டும். எல்லாம் விளக்கிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அப்படியே விட்டுவிடுங்களேன். எல்லோருக்கும் மிகவும் பிடித்திருக்கிறது" என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்தவர், என் தம்பி உயிரோடு இருப்பதில் தனக்கும் மகிழ்ச்சி என்றார்.

இப்போது, ஆறு மாதம் கழித்து, அதே அலுவலகத்திலிருந்துதான் வகுப்பெடுக்க அழைப்பு. விவாகரத்து எழுத்தாளர் பெரிய ஊருக்குப் போய்விட்டாராம். படிவத்தில் 'வெளியான படைப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் எழுத என்னிடம் இருப்பது ஒரே ஒரு பொய். அதை நிரப்பாமல் குளிர்சாதனப் பெட்டிமேல் வைத்திருக்கிறேன். எலிசாவிடம் முழுவதையும் சொன்னேன். இந்தத் தடவை காதிலிருந்து பாட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். "அப்ப மாமா இருக்காரா?" என்றாள். இருக்கிறார் என்றேன். "என்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே" என்றாள். ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்தப் பெண் தன் மாமா செத்துவிட்டதாகவே நினைத்திருக்கிறாள். அதைவிடக் கொடுமை, அதை என்னிடம் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றாததை நான் கவனிக்கவே இல்லை.

பிரெஞ்சில் அடித்த பெயரைப் பிரெஞ்சில் போட விட மாட்டேன் என்கிறார்கள். அதனால், இந்தப் பத்திரிகை மரக்காணம் பேருந்து நிலையக் கடையில் கிடைக்கும் என்பதாலும், அந்தோணி அங்கேதான் டீ குடிப்பான் என்பதாலும், இங்கே போடுகிறேன்.

அவள் பெயர் அஞ்சலை. கருவாட்டு உப்புக்காக எங்கள் வரப்புக்கு வந்தவள். 2004 டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை காலை கடலில் செத்தாள். அன்றைக்குப் பாத்தியில் உப்பு இல்லை, மழைத் தண்ணீர்தான் இருந்தது. என் தம்பி கோயிலில் இருந்தான். அவளைத் தேடிக் கண்டெடுத்துக் கோணி போட்டு மூடியவன் அவன்.

எந்த வகுப்பிலும் நான் சொல்லாதது ஒன்று உண்டு. கல்யாணமாகி நான் விமானம் ஏறப் புறப்பட்ட அன்று, புதுச்சேரி பேருந்து நிலையத்துக்கு அஞ்சலை வந்தாள். செய்தித்தாளில் சுற்றி ஒரு கருவாட்டுப் பொட்டலம் கொடுத்தாள். அதைப் பாரிஸ் விமான நிலையத்தில் ஓர் அதிகாரி இரண்டு விரலால் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார். அன்றைக்குப் பேருந்து நிலையத்தில், தம்பியைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறேனே என்று நான் அழுதுகொண்டிருந்தபோது அஞ்சலை என் முந்தானையாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டு, "அவன நான் பாத்துக்குறேன், நீ போ" என்றாள். பார்த்துக்கொண்டாள். இந்தப் பெண் உங்களுக்கு யார் என்று அந்த எழுத்தாளர் கேட்டபோது நான் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தோணி, பெயர் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீ வீட்டுக்கு வந்து சேரும் நேரத்துக்குப் போன் அடிப்பேன். எலிசாவும் பக்கத்தில் இருப்பாள். எடு.